கற்கண்டு நூலும் கீசர் காயிலும்: உப்புத் தண்ணிக் கருவிகளில் எது வேலை செய்யும்?

கோயம்புத்தூரில் வீடு வாடகைக்குப் பார்க்கப் போனால், வாடகை எவ்வளவு என்பதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும். "நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருதுங்க?" நல்ல தண்ணி என்றால் பெரும்பாலும் சிறுவாணி. அடுத்தது, "உப்புத் தண்ணி ரொம்ப உப்புங்களா?" அது போர் தண்ணீர். முன்னது குடிக்க, சமைக்க. பின்னது குளிக்க, துவைக்க, கழுவ. இந்த இரண்டாவது தண்ணீர்தான் ஷவரை அடைக்கிறது, குழாய் மூக்கில் வெள்ளையாகப் பூக்கிறது, கீசர் காயிலை ஒரே வருடத்தில் கல்லாக்கிப் பிளம்பரை வரவழைக்கிறது.

இதற்குத் தீர்வு என்று சொல்லி விற்கப்படும் பொருள்களுக்குக் கணக்கில்லை. குழாயில் மாட்டும் காந்தம், குழாயைச் சுற்றி ஒயர் சுற்றும் மின்னணுப் பெட்டி, வெள்ளை மணிகள் போட்ட சிறு உருளை, உப்பு போட்டுக் கழுவும் பெரிய சாஃப்ட்னர், "உப்பே வேண்டாம்" என்று சொல்லும் இன்னொரு வகை. அபார்ட்மென்ட் சங்கக் கூட்டத்தில் ஒருவர் "எங்க மச்சான் வீட்டுல காந்தம் மாட்டி மூணு வருஷம் ஆச்சு, சூப்பர்" என்பார். இன்னொருவர் "எல்லாம் ஏமாத்து வேலை" என்பார். இருவரும் ஒரே பொருளைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்பதே சந்தேகம். இந்தக் கருவிகள் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத நான்கு வேலைகளைச் செய்கின்றன, அல்லது செய்வதாகச் சொல்கின்றன. அதைப் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

உப்புத் தண்ணியில் இருப்பது எந்த உப்பு?

பெயரிலேயே ஒரு தடுமாற்றம் இருக்கிறது. நாம் உப்புத் தண்ணி என்று சொல்லும் போர் தண்ணீரில் நமக்குத் தொல்லை தருவது சாப்பாட்டு உப்பு இல்லை. சாப்பாட்டு உப்பு தண்ணீரில் சுலபமாகக் கரையும், கொதிக்க வைத்தாலும் கரைந்தே இருக்கும். காயிலில் கல்லாகப் பிடிக்காது. தொல்லை தருபவை கால்சியமும் மக்னீசியமும். பாறைகளிலிருந்து கரைந்து வந்த இவை, தண்ணீரில் மின்னூட்டம் கொண்ட நுண்துகள்களாக மிதக்கின்றன. அப்படிப்பட்ட துகளுக்கு அயனி என்று பெயர். இந்த இரண்டு அயனிகளும் எவ்வளவு இருக்கின்றன என்பதுதான் தண்ணீரின் கடினத்தன்மை. லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளப்பார்கள். ஆய்வக அறிக்கையில் பிபிஎம் என்று போட்டிருந்தாலும் நம் தேவைக்கு அதே அர்த்தம்தான்.

இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐஎஸ் 10500, கடினத்தன்மை 200 வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாவிட்டால் 600 வரை போகலாம். அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் வகைப்பாட்டில் 180-ஐத் தாண்டினாலே "மிகக் கடினம்". கொங்குப் பகுதியில் போர் போட்டவர்களுக்கு 180 என்பது சிரிப்பு வரவழைக்கும் எண்.

இங்கே டிடிஎஸ் மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. பேனா மாதிரி இருக்கும் அந்தக் கருவியைத் தண்ணீரில் முக்கி "பாருங்க சார், 900" என்று பயமுறுத்துவது விற்பனைக்காரர்களின் வழக்கம். அந்த மீட்டர் தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்த்து, கரைந்திருக்கும் எல்லா உப்புகளையும் மொத்தமாக மதிப்பிடுகிறது. அதில் கால்சியம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. டிடிஎஸ் 900 இருக்கும் ஒரு தண்ணீர் கீசரைத் தொடாமல் விடலாம், 500 இருக்கும் இன்னொன்று காயிலைத் தின்றுவிடலாம். கடினத்தன்மையைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும். சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறுவதைப் பார்க்கும் சிறு சோதனைப் பெட்டிகள் கிடைக்கின்றன. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களிலும் மாதிரி கொடுத்துச் சோதிக்கலாம்.

பாட்டி காலத்துத் தேத்தாங்கொட்டையையும் படிகாரத்தையும் இந்தப் பஞ்சாயத்துக்கு இழுப்பவர்கள் உண்டு. அவை கலங்கல் தண்ணீரைத் தெளிய வைப்பவை. சேற்றுத் துகள்களைச் சேர்த்து அடியில் படிய வைக்கும். கரைந்துபோன கால்சியத்தை அவற்றால் பிடிக்க முடியாது. கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீரும் படுகடினமாக இருக்கலாம். போர் தண்ணீர் பெரும்பாலும் அப்படித்தான்.

கல் எங்கிருந்து பிறக்கிறது?

மழைத்துளி விழும்போது காற்றில் இருக்கும் கரியமில வாயுவைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு வரும். மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கரியமில வாயுவை இன்னும் நிறையச் சேர்த்துக்கொள்ளும். கிட்டத்தட்ட மிக மெலிதான சோடாத் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணத் தண்ணீரால் சுண்ணாம்புக் கல்லை அவ்வளவாகக் கரைக்க முடியாது. இந்தச் சோடாத் தண்ணீரால் முடியும். அரியலூர்ப் பக்கம், யாழ்ப்பாணக் குடாநாடு போல நிலத்தடியில் சுண்ணாம்புப் பாறை இருக்கும் இடங்களில் கிணற்று நீர் கடினமாக இருப்பது இதனால்தான். சுண்ணாம்புப் பாறை இல்லாத ஊர்களிலும், வேறு பாறைகளில் கால்சியம் இருந்தால், ஆழத்தில் பல காலம் கிடந்த தண்ணீர் அதைச் சேர்த்துக்கொண்டுதான் மேலே வருகிறது.

சரி, இப்படிக் கரைந்த கால்சியம், கரியமில வாயு தண்ணீரில் இருக்கும் வரைதான் கரைந்திருக்கும். கோலி சோடாவைத் திறந்ததும் என்ன ஆகிறது? வாயு புஸ்ஸென்று ஓடுகிறது. சூடாக இருந்தால் இன்னும் வேகமாக ஓடும். கீசரில் நடப்பதும் அதுதான். தண்ணீர் சூடானதும் வாயு வெளியேறுகிறது. அதன் தயவில் கரைந்திருந்த கால்சியம், கார்பனேட்டோடு சேர்ந்து திரும்பவும் கல்லாகிறது. அந்தக் கல்லின் பெயர் கால்சியம் கார்பனேட். முட்டை ஓடும் அதுதான், கிளிஞ்சலும் அதுதான், சுவரில் அடித்த சுண்ணாம்பு காய்ந்தபின் ஆவதும் அதுதான்.

இன்னொரு விசித்திரமும் இருக்கிறது. சர்க்கரை சூட்டில் அதிகம் கரையும், ஆறினால் படியும். கால்சியம் கார்பனேட்டுக்கு நேர் எதிர்க் குணம். சூடு ஏற ஏறக் கரைதிறன் குறையும். அதனால் ஒரு பாத்திரத்தில் எந்த இடம் அதிகச் சூடோ அந்த இடத்தில்தான் முதலில் படியும். கீசருக்குள் அதிகச் சூடான இடம் காயில்தான்.

இப்படிச் சூடாக்கினால் படிந்துவிடும் பகுதிக்குத் தற்காலிகக் கடினத்தன்மை என்று பள்ளியில் படித்திருப்போம். சல்பேட், குளோரைடு போன்றவற்றோடு சேர்ந்து, கொதிக்க வைத்தாலும் கரைந்தே இருக்கும் பகுதி நிரந்தரக் கடினத்தன்மை. கீசரைக் கெடுப்பதில் முதல் குற்றவாளி தற்காலிக வகைதான். சோப்பு நுரைக்காமல் திரிவதற்கு இரண்டும் காரணம்.

எவ்வளவு கல் விழும் என்று தோராயமாகக் கணக்குப் போடலாம். தற்காலிகக் கடினத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம், வீட்டில் தினமும் 100 லிட்டர் வெந்நீர் என்றால் கீசர் வழியாகப் போகும் கல் 30 கிராம். அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் உள்ளே தங்கினாலும் நாளைக்கு 3 கிராம். ஒரு வருடத்தில் ஒரு கிலோவுக்கு மேல். பிளம்பர் காயிலைக் கழற்றும்போது தரையில் கொட்டும் ஓடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த எண் ஆச்சரியமாக இருக்காது.

இதுவரை வந்ததைச் சேர்த்துச் சொன்னால்: தொல்லை தருவது கரைந்த கால்சியமும் மக்னீசியமும். சூடு பட்டால் அதில் ஒரு பகுதி கல்லாகிறது. எங்கே சூடு அதிகமோ அங்கே படிகிறது. டிடிஎஸ் எண் இதைப் பற்றி நமக்கு உருப்படியாக எதுவும் சொல்வதில்லை.

கற்கண்டு எப்படி நூலைப் பிடிக்கிறது?

கருவிகளைப் புரிந்துகொள்ள இன்னும் ஒரே ஒரு படி வேண்டும். கெட்டியான சர்க்கரைப் பாகில் நூலைத் தொங்கவிட்டுக் கற்கண்டு செய்வார்கள். பாகின் நடுவில் வெறுமனே ஒரு கற்கண்டு முளைப்பது கடினம். முதல் சில மூலக்கூறுகள் ஒன்றாகச் சேர்ந்து நிலைத்து நிற்க ஒரு பிடிமானம் வேண்டும். நூல் அந்தப் பிடிமானம். ஒரு சிறு படிகம் உருவாகிவிட்டால் போதும், மற்றவை அதன்மேல் வரிசையாக வந்து ஒட்டிக்கொள்ளும். முதல் முளைப்புதான் கஷ்டம், வளர்ச்சி சுலபம்.

கீசரில் காயில்தான் நூல். சூடும் அங்கேதான், பிடிமானமும் அங்கேதான். ஏற்கெனவே கொஞ்சம் கல் பிடித்த சொரசொரப்பான காயில் இன்னும் நல்ல நூல். புதுக் காயில் முதல் சில மாதங்கள் பளபளவென்று இருந்துவிட்டு, அப்புறம் மடமடவென்று கல் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆக, கல் பிடிப்பதைத் தடுக்க நான்கு வழிகளை யோசிக்கலாம். பாகிலிருந்து சர்க்கரையையே எடுத்துவிடுவது முதல் வழி. படிகம் வளர முடியாதபடி இடையூறு செய்வது இரண்டாவது. காயிலைவிடக் கவர்ச்சியான வேறு நூல்களைத் தண்ணீருக்குள் மிதக்க விடுவது மூன்றாவது. எதையும் சேர்க்காமல், எதையும் எடுக்காமல், தண்ணீரின் "குணத்தையே" மாற்றிவிட்டதாகச் சொல்வது நான்காவது. கடையில் இருக்கும் ஒவ்வொரு டப்பாவும் இந்த நான்கில் ஒன்று.

கரண்ட் பில் ஏறிவிடுமா?

கருவிகளுக்குள் போகும் முன் விற்பனைப் பேச்சில் தவறாமல் வரும் ஒரு மிரட்டலைத் தாண்டிவிடலாம். "ஒரு மில்லிமீட்டர் கல் பிடிச்சா கரண்ட் இத்தனை சதவீதம் கூடும்." இந்த வகைக் கணக்குகள் நெருப்பு எரியும் பாய்லர்களுக்காகப் போட்டவை. அங்கே கல் சூட்டைத் தடுத்தால், தண்ணீருக்குள் போக முடியாத சூடு புகையோடு வெளியே போய்விடும். மின்சாரக் கீசரில் காயில் தண்ணீருக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. அதில் பிறக்கும் சூட்டுக்குத் தண்ணீரை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. அமெரிக்காவில் பேட்டல் ஆய்வு நிறுவனம் 2009-இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டியது. கடின நீரில் ஓடிய எரிவாயு ஹீட்டர்களின் திறன் சரிந்தது, மின்சாரச் சேமிப்பு ஹீட்டர்களின் திறன் மாறவில்லை. சாஃப்ட்னர் தொழில்துறை சார்ந்த அமைப்பின் நிதியில் நடந்தும், அவர்கள் விற்பனைக்கு உதவாத இந்த முடிவு வந்திருக்கிறது என்பதால் அதற்குக் கூடுதல் மதிப்பு உண்டு.

மின்சாரக் கீசரில் நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. மேலே கல் போர்த்திய காயில், சூட்டை வெளியே தள்ள முடியாமல் தானே அதிகமாகக் காய்கிறது. கடைசியில் எரிந்துபோகிறது அல்லது வெடிப்பு விடுகிறது. பில்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், காயில் விலையையும் பிளம்பர் கூலியையும் கணக்கில் எடுங்கள்.

எடுத்துவிடும் வழி: சாஃப்ட்னர்

உப்பு போட்டுக் கழுவும் சாஃப்ட்னர்தான் இந்தக் கூட்டத்தில் சந்தேகமே இல்லாமல் வேலை செய்வது. உள்ளே ரெசின் என்ற சிறு பிளாஸ்டிக் மணிகள் இருக்கும், பார்ப்பதற்குக் கேழ்வரகு மாதிரி. ஒவ்வொரு மணியிலும் எண்ணிலடங்காத இருக்கைகள். தொடக்கத்தில் எல்லா இருக்கையிலும் சோடியம் அயனி உட்கார்ந்திருக்கும்.

டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். தனியாக வந்த இருவர் பக்கத்துப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். கைக்குழந்தையோடு ஒரு தம்பதி ஏறியதும் இருவரும் எழுந்து இடம் விடுகிறார்கள். சோடியத்துக்கு மின்னூட்டம் ஒன்று, கால்சியத்துக்கு இரண்டு. ரெசின் கால்சியத்தை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். இரண்டு சோடியம் எழுந்து தண்ணீரோடு போய்விடும். இதற்கு அயனிப் பரிமாற்றம் என்று பெயர். வெளியே வரும் தண்ணீரில் கால்சியம் கிட்டத்தட்ட இல்லை, அதனால் கல்லும் இல்லை. சோப்பும் கொட்டிக் கொட்டி நுரைக்கும்.

எல்லாச் சீட்டிலும் கால்சியம் அமர்ந்த பின் பஸ் நிரம்பிவிட்டது. அப்போது அடர்த்தியான உப்புக் கரைசலை உள்ளே விடுவார்கள். தேர்த் திருவிழாக் கூட்டம் போல லட்சம் சோடியம் ஒரே நேரத்தில் ஏறினால், எவ்வளவு இறுகப் பிடித்திருந்தாலும் கால்சியம் வெளியே தள்ளப்பட்டுவிடும். அந்தக் கழிவைச் சாக்கடையில் விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். ரெசின் சாப்பாட்டு உப்பைத் தண்ணீரில் கலக்கும் வடிகட்டி இல்லை, இருக்கையை மாற்றிக் கொடுக்கும் பஸ்.

இதில் பலர் தவறவிடும் கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு லிட்டர் ரெசின் சுமார் 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். உங்கள் தண்ணீரின் கடினத்தன்மை 500 என்றால், லிட்டருக்கு அரை கிராம். அதாவது ஒரு லிட்டர் ரெசின் 100 லிட்டர் தண்ணீரோடு நிரம்பிவிடும். வாஷிங் மெஷின் குழாயில் மாட்டும் குட்டிச் சாஃப்ட்னருக்குள் இருக்கும் ரெசினின் அளவைப் பாருங்கள். ஒரு லிட்டருக்கும் குறைவாக இருந்தால், இரண்டு மூன்று தடவை துவைத்ததும் உப்பு போட்டுக் கழுவியாக வேண்டும். மாதம் ஒருமுறை கழுவிவிட்டு "இது வேலையே செய்யல" என்று திட்டுபவர்கள் நிறைய. கருவியைக் குறை சொல்ல முடியாது. பஸ் நிரம்பி மூன்று வாரம் ஆகியிருக்கும்.

சாஃப்ட்னர் மாட்டிய பின் டிடிஎஸ் மீட்டரை முக்கிப் பார்த்து எண் குறையவில்லையே என்று ஏமாறுவதும் உண்டு. குறையாது. கால்சியம் போன இடத்தில் சோடியம் வந்திருக்கிறது, மொத்தம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும்.

அந்தச் சோடியத்தால்தான் சில எச்சரிக்கைகள். ஒவ்வொரு 100 மில்லிகிராம் கடினத்தன்மைக்கும் 46 மில்லிகிராம் சோடியம் தண்ணீரில் சேரும். 500 கடினத்தன்மை என்றால் லிட்டருக்கு 230 மில்லிகிராம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 2 கிராம் சோடியத்துக்குக் குறைவாகவே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரத்தக் கொதிப்பு உள்ள வீட்டில் இந்தத் தண்ணீரைக் குடிப்பதும் சமையலுக்கு எடுப்பதும் வேண்டாம். செடிக்கும் ஊற்ற வேண்டாம். ரெசின் கழுவிய உப்புக் கழிவைத் தென்னை மரத்தடியில் விடுவது அதைவிட மோசம்.

இடையூறு செய்யும் வழி: பாலிபாஸ்பேட்

குலாப் ஜாமூன் பாகில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுவார்கள், பாகு பூத்துச் சர்க்கரையாகிவிடாமல் இருக்க. சாறு பாகிலிருந்து சர்க்கரையை எடுக்கவில்லை. சர்க்கரையில் கொஞ்சத்தை வேறு வகையாக உடைத்துவிடுகிறது. அந்த வேற்றுத் துண்டுகள் நடுவே புகுந்து, மற்றவை வரிசையாக நின்று படிகமாவதைக் கெடுக்கின்றன. இரண்டு சொட்டே ஒரு பாத்திரப் பாகுக்குப் போதும்.

பாலிபாஸ்பேட் மணிகள் போட்ட உருளையும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கிறது. மணிகள் மெதுவாகக் கரைந்து லிட்டருக்குச் சில மில்லிகிராம் பாஸ்பேட்டைத் தண்ணீரில் விடும். முளைவிடும் கால்சியம் படிகத்தின் முனைகளில் அது போய் ஒட்டிக்கொண்டு மேலே வளர விடாது. நூற்றுக்கணக்கான மில்லிகிராம் கால்சியத்தை இவ்வளவு சிறிய அளவால் அடக்க முடிகிறது என்பதுதான் இதன் சிறப்பு. கால்சியம் தண்ணீரிலேயே இருக்கும், அதனால் சோப்பு நுரையில் வித்தியாசம் தெரியாது. குழாய் மூக்கில் காய்ந்த துளி வெள்ளையாகத்தான் இருக்கும்.

இது வேலை செய்யும், ஒரு எல்லைக்குள். 60, 70 பாகைக்கு மேலே போனால் பாலிபாஸ்பேட் உடைந்து சாதாரணப் பாஸ்பேட் ஆகிவிடும், அதற்கு இந்தத் திறமை இல்லை. வாஷிங் மெஷினுக்கும் மிதமான சூட்டில் ஓடும் கீசருக்கும் சரி. காயில் மேற்பரப்பு கொதிக்கும் அளவுக்குச் சூடாகும் இடத்தில் அவ்வளவு நம்ப முடியாது. மணிகள் கரைந்து தீர்ந்தபின் வெறும் டப்பாதான் தொங்கிக்கொண்டிருக்கும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பலர் வீட்டில் அப்படித்தான் தொங்குகிறது.

வேறு நூல் கொடுக்கும் வழி

"உப்பு தேவையில்லாத சாஃப்ட்னர்" என்று விற்கப்படுபவற்றில் உருப்படியான ஒரு வகை டிஏசி (டெம்ப்ளேட் அசிஸ்டட் கிரிஸ்டலைசேஷன்). பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டியது. இதிலும் பிளாஸ்டிக் மணிகள்தான், ஆனால் இருக்கைகள் இல்லை. மணியின் மேற்பரப்பில் படிகம் முளைக்க வசதியான மிக நுண்ணிய பள்ளங்கள் இருக்கும். தண்ணீர் மணிகளைக் கடக்கும்போது அந்தப் பள்ளங்களில் குட்டிக் குட்டிப் படிகங்கள் முளைத்து, கொஞ்சம் வளர்ந்ததும் உதிர்ந்து தண்ணீரோடு போகும். கீசருக்குள் கால்சியம் படிய நினைக்கும்போது காயிலைவிடக் கையருகே ஆயிரக்கணக்கான நூல்கள் மிதந்துகொண்டிருக்கும். அவற்றில் ஒட்டிக்கொண்டு குழாய் வழியே வெளியே போய்விடும்.

ஜெர்மனியில் எரிவாயு, நீர்த் தொழில்நுட்பங்களுக்கான சங்கம் இதுபோன்ற கருவிகளுக்கு டபிள்யூ 512 என்ற சோதனை முறையை வகுத்திருக்கிறது. ஒரே தண்ணீரைக் கருவி உள்ள ஹீட்டரிலும் இல்லாத ஹீட்டரிலும் வாரக்கணக்கில் சூடாக்கி, இரண்டிலும் படிந்த கல்லை எடை போடுவார்கள். விளம்பரத்தை நம்புவதற்குப் பதில் கல்லையே எடை போடுவது எனக்குப் பிடித்த விஷயம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அந்த வகைச் சோதனையைப் பல உப்பில்லாக் கருவிகளில் செய்து பார்த்தார்கள். டிஏசி பெரும்பகுதிக் கல்லைத் தடுத்து மற்றவற்றைவிடத் தெளிவாக முன்னே நின்றது. மின்காந்தக் கருவி ஓரளவே குறைத்தது.

நம் ஊரில் இதற்குச் சில தடைகள் உண்டு. போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் மணிகளின் பள்ளங்கள் அடைபட்டுப் போகும். கடினத்தன்மைக்கு ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒரு மேல் வரம்பு வைத்திருப்பார்கள், நம் போர் அதைச் சுலபமாகத் தாண்டிவிடலாம். சோப்பு நுரை இதிலும் மாறாது.

காந்தம்

கடைசியாக, கூட்டத்தில் சண்டை மூட்டும் கருவி. காந்தத்தால் கல்லைத் தடுக்கும் யோசனை புதிதல்ல. பெல்ஜியத்தைச் சேர்ந்த வெர்மைரன் 1945-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பின் இத்தனை வருடங்களாக ஆய்வுகள் நடந்துகொண்டேதான் இருக்கின்றன. முடிவுகள் ஒத்துப்போகவில்லை.

முதலில் ஒரு தவறான படத்தைக் கலைக்க வேண்டும். காந்தம் கால்சியத்தை இழுத்துப் பிடிப்பதில்லை. கால்சியம் இரும்பு இல்லை. ஓடும் அயனிகளின் மேல் காந்தப் புலம் மிகச் சிறிய விசையைச் செலுத்தும் என்பது உண்மை. அது படிகத்தின் வடிவத்தை மாற்றும், ஒட்டாத மென்மையான தூளாக்கும் என்பது வாதம். சில ஆய்வகச் சோதனைகளில் படிக வகை மாறியதைப் பார்த்திருக்கிறார்கள், குறிப்பாக ஒரே தண்ணீரைத் திரும்பத் திரும்பக் காந்தத்தின் வழியே சுற்றவிட்ட சோதனைகளில். வேறு பல சோதனைகளில் ஒன்றுமே நடக்கவில்லை. நம் வீட்டில் தண்ணீர் காந்தத்தை ஒருமுறை, ஒரு நொடிக்கும் குறைவாகக் கடந்து போய், கீசருக்குள் மணிக்கணக்கில் நிற்கிறது.

அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் ஆய்வகம் இலினாய் மாநிலத்தின் ராக் ஐலண்ட் ஆயுதக் கிடங்கில் நடத்திய சோதனை 2001-இல் வெளியானது. இரண்டு காந்தக் கருவிகள், ஒரு மின்னணுக் கருவி, எதுவும் மாட்டாத ஒரு பாதை என்று பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டார்கள். கல் படிவதில் எந்தக் கருவிக்கும் தெளிவான மேன்மை தெரியவில்லை. அரிசோனா முடிவையும் இதையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், "எப்போதும் வேலை செய்யாது" என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் உங்கள் வீட்டில் வேலை செய்யும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. பணம் கொடுத்து வாங்குபவருக்கு இரண்டாவது பாதிதான் முக்கியம். என் பணத்தை நான் இதில் போட மாட்டேன்.

அப்படியானால் மச்சான் வீட்டில் எப்படி மூன்று வருடம் ஓடியது? காந்தம் மாட்டிய அன்றே பெரும்பாலும் பிளம்பர் புதுக் காயிலும் போட்டிருப்பார். நல்ல மழை பெய்த வருடத்தில் நிலத்தடி நீர் ஏறி, போர் தண்ணீரின் கடினத்தன்மை தானாகக் குறைந்திருக்கலாம். பையன் வேலைக்கு வெளியூர் போயிருந்தால் வெந்நீர்ச் செலவு பாதியாகியிருக்கும். ஒரு வீடு, ஒரு கீசர், பக்கத்தில் ஒப்பிட இன்னொன்று இல்லை. அதில் எது காரணம் என்று யாராலும் பிரிக்க முடியாது.

சுருக்கமாக: சாஃப்ட்னர் கால்சியத்தை எடுக்கிறது, கணக்காகக் கழுவினால் உறுதியாக வேலை செய்கிறது. பாலிபாஸ்பேட் மிதமான சூட்டில் படிகத்தைத் தடுக்கிறது. டிஏசி வேறு நூல் கொடுக்கிறது, தண்ணீர் ஒத்துவந்தால் நல்லது. காந்தமும் ஒயர் சுற்றும் பெட்டியும் நம்பகமாக எதையும் செய்வதாக நிரூபிக்கப்படவில்லை.

வாங்கும் முன்பும், வாங்காமலும்

விற்பவரிடம் ஒரே கேள்வி கேட்டால் போதும்: "இதுக்குள்ள போன கால்சியம் எங்கே போகுது?" எடுத்துவிடுகிறது என்றால் அதை எங்கே வெளியேற்றுகிறது என்று கேளுங்கள். எடுக்கவில்லை என்றால், சோப்பு நன்றாக நுரைக்கும் என்று அவர் சொல்லும் அடுத்த வாக்கியம் பொய்யாகிவிடும். சாஃப்ட்னரைச் சோதிப்பதும் சுலபம். மூடி போட்ட பாட்டிலில் அரைப் பங்கு தண்ணீர், சீவிய சோப்பு கொஞ்சம், நன்றாகக் குலுக்குங்கள். மென்மையான தண்ணீரில் நுரை நிற்கும், கடின நீரில் திரிதிரியாகத் தயிர் மாதிரி மிதக்கும். டிடர்ஜென்ட் பவுடரைப் போட்டுச் சோதித்தால் ஏமாந்துபோவீர்கள், அது கடின நீரிலும் நுரைக்கும்படி செய்யப்பட்டது.

பணம் செலவில்லாத வழி ஒன்றும் இருக்கிறது. கீசரின் சூட்டு அளவை 75 பாகையில் வைத்துவிட்டுப் பச்சைத் தண்ணீர் கலந்து குளிப்பதற்குப் பதில் 50-க்கு இறக்கிவிட்டால், கல் படிவது கணிசமாகக் குறையும். போட்டு, குளித்து, அணைத்துவிடும் வீட்டுக் கீசருக்கு இது போதும். நாள் முழுவதும் வெந்நீரைத் தேக்கி வைத்திருக்கும் விடுதி, மருத்துவமனைத் தொட்டிகளில் அப்படிக் குறைக்கக் கூடாது. வெதுவெதுப்பில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரும் என்பதால் அங்கே 60-க்குக் கீழே விட மாட்டார்கள்.

ஷவரிலும் கெட்டிலிலும் ஏற்கெனவே பிடித்த கல்லுக்குச் சிட்ரிக் ஆசிட் போதும். மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டால் தருவார்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி கரைத்து, ஷவர் தலையைக் கழற்றி ஒரு மணி நேரம் ஊறப் போட்டால் கல் குமிழி விட்டுக் கரையும். கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டாம், அதிகச் சூட்டில் கால்சியம் சிட்ரேட் என்று வேறொரு வெள்ளைப் படிவு விழும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஷவர் மேல் ஊற்றினால் கல்லோடு குரோம் பூச்சும் போய்விடும், பக்கத்தில் பிளீச்சிங் பவுடர் இருந்தால் நச்சு வாயுவே கிளம்பும். கீசர் காயில் மட்டும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பிளம்பர் கழற்ற வேண்டிய வேலை. அவர் கழற்றும்போது உதிரும் ஓட்டில் ஒரு துண்டை எடுத்து வினிகரில் போட்டுப் பாருங்கள். நன்றாகக் குமிழி விட்டால் அது கார்பனேட், மேலே சொன்ன தற்காலிக வகையின் வேலை. குமிழியே வராவிட்டால் உங்கள் தண்ணீரில் வேறு ஏதோ படிகிறது. அப்போது டிஏசி பற்றி யோசிக்கும் முன் ஆய்வக அறிக்கையைக் கையில் வாங்கிவிடுவது நல்லது.